மைக் இருந்த இடம்

2024 ஜூன் 1, சனி

பென்ஷனர் சங்கம் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி ஐந்து மாதமாக ஃபிரிட்ஜுக்கு மேல் கிடந்தது. நான் ஒன்றும் எழுதுகிற ஆள் இல்லை. இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், கமருதீன் பென்டிரைவைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டான். ஷார்ஜா டேப். ஒரிஜினல்.

விவரம் தெரியாதவர் கையில் இந்த டைரி அகப்பட்டால் புரியட்டும் என்று முதலிலிருந்து எழுதிவைக்கிறேன். நான் இன்னாசிமுத்து. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தெட்டு வருடம், பெட்டி ரிப்பேர் பிரிவில் சுத்தியல் சத்தத்துக்கு நடுவே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். கமருதீன் நாகூர்க்காரன். ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்ச். நான் எங்கேயும் லேட்டாகப் போகிறவன். வகுப்பானாலும் சினிமா தியேட்டரானாலும் பக்கத்தில் தன் பையை வைத்து எனக்கு இடம் பிடித்து, வருகிறவன் போகிறவனோடெல்லாம் சண்டை போட்டுக் காப்பாற்றுவது அவன் வேலை.

எங்கள் இருவருக்கும் ஒரே பைத்தியம். காப்பர் வெதர் என்கிற இங்கிலாந்து ராக் குழு. ஸ்டுடியோவில் பதிவு செய்து அவர்கள் விற்ற ஆறு ரெக்கார்டும் சுமார்தான். மேடை ஏறினால் வேறு ஆட்கள். ‘டிம்பர் யார்டு’ என்று ஒரு பாட்டு, ரெக்கார்டில் நாலரை நிமிடம். மேடையில் ஒரு நாள் பதினொன்று, இன்னொரு நாள் இருபது. லெஸ்டர் ஊர்க் கச்சேரியில் ஹார்க்கரின் கிதார் கம்பி அறுந்துவிடும். அவன் புதுக் கம்பி மாட்டி முடிக்கும் வரை ட்ரம்ஸ்காரன் தனியாக நான்கு நிமிடம் ஒப்பேற்றுவான். அந்த நான்கு நிமிடத்தை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். இப்படி ரசிகர்கள் அரங்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்த நாற்பத்து மூன்று கச்சேரிகள் எங்களிடம் இருக்கின்றன. எல்லாம் லாஸ்லெஸ். அதாவது, டேப்பில் இருந்தது ஒரு துளியும் குறையாமல் அப்படியே. எம்.பி.3 என்றால் பாதியைப் பிழிந்து எறிந்துவிட்டு மீதியைக் கொடுப்பான். எங்கள் வீட்டில் அதற்கு அனுமதி இல்லை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை கமருதீன் காரைக்கால் பாசஞ்சரில் வந்து பொன்மலையில் இறங்குவான். ஹாலில் இரண்டு நாற்காலி. அவன் வலது, நான் இடது. ஏன் அப்படி என்று நான் கேட்டதில்லை. அப்படியே பழகிவிட்டது. பாட்டு ஓடும்போது பேச்சு கிடையாது. முடிந்ததும் ஆளுக்கொரு தாளில் மார்க் போட்டு மாற்றிக்கொள்வோம். அப்புறம் சண்டை, அதற்கப்புறம் அடைக்கலத்தின் மீன் குழம்பு. அடைக்கலமேரி என் மனைவி. ஆரம்பப் பள்ளியில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்தவள். அந்தத் தோரணை இன்னும் போகவில்லை.

இனி ஷார்ஜா. 1984-ல் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அங்கே வேலைக்குப் போவதாக ஏற்பாடு. கிளம்ப வேண்டிய மாதத்தில் எனக்கு ரயில்வே ஆர்டர் வந்தது. நான் நின்றுவிட்டேன், அவன் தனியாகப் போனான். அடுத்த வருடம் காப்பர் வெதர் அங்கே ஒரு ஹோட்டல் அரங்கத்துக்கு வந்தது. நான் செத்தாலும் பார்க்க முடியாத கச்சேரி. கமருதீன் ஒரு ஸ்டீரியோ டேப் ரெக்கார்டரை ஒளித்துக் கொண்டுபோய்ப் பதிவு செய்து, காப்பிக்குக் காப்பி எடுத்த கேசட்டை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினான்.

அந்தக் கேசட்டில் மூன்றாவது பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கும் இடத்தில் கமருதீனின் குரல் கிசுகிசுக்கும். ‘இன்னாசி’ என்பது மட்டும் தெளிவாக விழும். பிறகு ஏதோ இரண்டு மூன்று வாக்கியம். காப்பியின் காப்பி ஆதலால் டேப்பின் இரைச்சலில் அது கரைந்துபோயிருக்கும். என்னடா சொன்னாய் என்று முப்பத்தொன்பது வருடமாகக் கேட்கிறேன். ஞாபகம் இல்லை என்பான். ஒரிஜினல் தொலைந்துபோயிற்று என்றே நினைத்திருந்தோம். இந்தத் தை மாதம் அவன் அக்கா வீட்டுப் பரணில், கம்பளி மூட்டைக்குள் கிடைத்தது. சென்னையில் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து லாஸ்லெஸாக மாற்றி இன்று கொண்டுவந்தான்.

கூடவே சீட்டும் கொடுத்தான். ஒவ்வொரு பதிவோடும் ஒரு சீட்டு இருக்க வேண்டும் என்பது டேப் சேர்ப்பவர்களின் சட்டம். ஊர், தேதி, எந்த ரெக்கார்டர், யார் கை மாறி வந்தது, மைக் இருந்த இடம். கடைசிக் கட்டம் மட்டும் பழைய கேசட்டின் சீட்டைப் போலவே காலி. இந்தப் பதிவில் ஹார்க்கரின் கிதார் மூஞ்சிக்கு நேராக இருக்கிறது, பாட்டுக்காரன் அடுத்த ஊரில் இருக்கிறான், வலது காதுக்குப் பக்கத்தில் எவனோ ஒருத்தன் சதா கை தட்டுகிறான். மைக்கை எந்த லட்சணத்தில் வைத்தாய் என்று எத்தனையோ முறை கேலி செய்தாயிற்று. சிரிப்பானே தவிர சொல்ல மாட்டான்.

புது டேப்பை முதலில் மூன்று முறை தனியாகக் கேட்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பேச்சு. இது நாங்களே போட்டுக்கொண்ட விதி. அதனால் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிட்டான். வாசலில் நின்று, “மூணாவது பாட்டு முடிஞ்சதும் நல்லா கேளுடா” என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெட்கத்தை நான் பார்த்ததே இல்லை.

ஜூன் 2, ஞாயிறு

பூசை முடிந்து வந்து முதல் முறை கேட்டேன். பாடகர் குழுவைப் பற்றி ஒரு வார்த்தை: பெண்கள் பக்கம் ரொம்ப மோசமாகிவிட்டது. வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை.

ஷார்ஜா ஏமாற்றம். ட்ரம்ஸ் இருக்கிறது, பேஸ் கிதார் நெஞ்சில் வந்து உட்காருகிறது. ட்ரம்ஸோடு இருக்கும் பித்தளைத் தட்டு, அந்த சிம்பல் மட்டும் கம்பளியைப் போர்த்தி அடித்ததுபோல் இருக்கிறது. அதைவிட ஒன்று: டேப்பின் இரைச்சலே இல்லை. பாட்டு தொடங்கும் முன் அரிசி களைவதுபோல் ஒரு ‘ஸ்ஸ்’ வருமே, அது எங்கே போயிற்று? மூன்றாவது பாட்டு முடிந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. என் பெயர்கூட இல்லை.

களைப்பாக இருந்திருக்கும். நாளைக்குக் கேட்கிறேன்.

ஜூன் 4, செவ்வாய்

வயர் மாற்றினேன். ஸ்பீக்கரை இரண்டடி முன்னுக்கு நகர்த்தினேன். மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு அடைக்கலம் கடைக்குப் போயிருந்தாள். குக்கர் விசிலே கொடுக்கவில்லை. பருப்பு தீய்ந்துவிட்டது. வெயிட் போயிருக்கும், புதுசு வாங்க வேண்டும் என்றேன். அவள் என்னையே பார்த்தாள்.

இரண்டாவது முறையும் அதே கதை.

ஜூன் 6, வியாழன்

மூன்றாவது முறை, ஹெட்போனில். இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று பழைய கேசட்டை எடுத்துப் போட்டேன். கடைசியாகக் கேட்டது கொரோனா சமயம். அதிலும் இரைச்சல் இல்லை, பெயரும் இல்லை. நாற்பது வருட டேப்புக்குக் காந்தம் போகத்தானே செய்யும். கேசட் டெக்கின் ஹெட்டும் தேய்ந்திருக்கும். அதை விடலாம். ஒரிஜினலுக்கு என்ன வந்தது?

எனக்கு ஒரு முடிவுதான் தோன்றுகிறது. சென்னையில் அந்த ஆள் இரைச்சலை நீக்குகிற சாஃப்ட்வேரில் போட்டுச் சலவை செய்திருக்கிறான். கமருதீனும் தெரிந்தேதான் விட்டிருக்கிறான். தன் குரலை வெட்டச் சொன்னதும் அவனாகவே இருக்கும். அதனால்தான் வாசலில் அந்த வெட்கம். டேப்பைத் தொடக் கூடாது, இருமலானாலும் இரைச்சலானாலும் இருந்தபடி இருக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தவனே அவன்.

ஜூன் 8, சனி

காலை முழுக்க யோசித்துவிட்டு வாட்ஸப் குழுவில் எழுதினேன். இந்தியா முழுவதும் காப்பர் வெதர் ரசிகர்கள் பதினோரு பேர் இருக்கிற குழு. ஷார்ஜா பதிவு வரப்போகிறது என்று எல்லோரும் காத்திருந்தார்கள். நான் எழுதியது இது: “கமருதீன் கொடுத்திருப்பது உண்மையான லாஸ்லெஸ் அல்ல. இரைச்சலை நீக்கி, வெட்டி ஒட்டியது. நாற்பது வருடப் பழக்கம் என்பதற்காக நான் பொய் சொல்ல முடியாது.”

பத்து நிமிடத்தில் கமருதீனிடமிருந்து பதில் வந்தது. “சரி.” அவ்வளவுதான். அதற்கு அடுத்த வரியில், கமருதீன் குழுவிலிருந்து வெளியேறினார் என்று வந்தது.

குற்றம் உள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தான் செய்யும். கேஸ் புக் செய்தேன். தண்ணீர் ஃபில்டருக்கு ஆள் வந்து பெல் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனானாம். காலிங் பெல்லுக்கு பேட்டரி மாற்ற வேண்டும்.

ஜூன் 9, ஞாயிறு

பெல்லுக்கு பேட்டரி மாற்றினேன். பிரயோஜனம் இல்லை. பெல்லையே மாற்ற வேண்டும்.

ஜூன் 16, ஞாயிறு

ஷில்லாங்கில் இருக்கும் லிங்டோ குழுவில் ஒரு படம் போட்டிருக்கிறார். ஷார்ஜா பதிவை என்னிடம் கேட்டு வாங்கி, அதன் ஒலியைக் கம்ப்யூட்டரில் எக்ஸ்-ரே மாதிரி எடுத்த படம். எம்.பி.3 என்றால் மேல்பாகம் கத்தியால் வெட்டியதுபோல் காலியாக இருக்கும். இதில் உச்சி வரைக்கும் நிறைந்திருக்கிறது, இரைச்சலும் தெளிவாகத் தெரிகிறது, இது சுத்தமான லாஸ்லெஸ், தொட்ட அடையாளமே இல்லை என்று எழுதியிருக்கிறார். மரியாதையான மனிதர். என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தையும் இல்லை.

படம் பார்த்தா பாட்டு கேட்பது? நான் கேட்கிறேன், எனக்குத் தெரியாதா?

ஜூன் 17, திங்கள்

பக்ரீத். வருடா வருடம் காலையில் முதல் போன் என்னுடையதாகத்தான் இருக்கும். இன்று செய்யவில்லை. அடைக்கலம் பேசினாள், கொல்லைப்பக்கம் போய். எதற்குக் கொல்லைக்குப் போக வேண்டும்? ஹாலிலேயே பேசியிருக்கலாம், எனக்கு ஒன்றும் கேட்டிருக்காது. இப்போதெல்லாம் அவ்வளவு மெதுவாகத்தான் பேசுகிறாள்.

ஜூன் 25, செவ்வாய்

முருங்கை மரத்தில் இந்த வருடம் அணில் சத்தமே இல்லை. இருப்பது தெரிகிறது, ஓடுகிறது, வாலை ஆட்டுகிறது. கத்துவதை விட்டுவிட்டது போலிருக்கிறது. ஊரே மாறிப்போயிற்று.

ஜூலை 6, சனி

முதல் சனி. வர மாட்டான் என்று தெரியும். சும்மா நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். காரைக்கால் பாசஞ்சர் வந்தது. பை வைத்திருந்த வயசான ஆட்கள் நான்கைந்து பேர் இறங்கினார்கள். அவர்களில் அவன் இல்லை.

வீட்டுக்கு வந்தால் அடைக்கலம் வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்திருக்கிறாள், மூன்று பேர் சாப்பிடுகிற அளவுக்கு. ஹாலில் இரண்டு நாற்காலியும் போட்டபடி இருந்தன. நான் இடது நாற்காலியில் உட்கார்ந்து லெஸ்டர் கச்சேரி கேட்டேன். கம்பி அறுந்த இடம் வந்தது. பக்கத்தில் சிரிக்க ஆள் இல்லை. நிறுத்திவிட்டேன்.

ஜூலை 10, புதன்

ஷார்ஜாவை இருபதாவது தடவையோ என்னவோ போட்டிருந்தேன். அடைக்கலம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஏதோ சொன்னாள். சரியாகக் காதில் விழவில்லை.

இன்றைக்கு இதற்கு மேல் எழுதப் பிடிக்கவில்லை.

ஜூலை 11, வியாழன்

நேற்று எழுதியது பொய். டைரியிலேயே பொய் எழுதினால் பிறகு எங்கேதான் உண்மை எழுதுவது?

மூன்றாவது பாட்டு முடிந்தது. அடைக்கலம் கீரையிலிருந்து தலையைத் தூக்கி, என்னைப் பார்த்து, நிறுத்தி நிதானமாகக் கேட்டாள்: “யாருங்க அது, உங்க பேரைச் சொல்லிக் கூப்புடுறது?”

பின்னால் தள்ளித் திரும்பப் போட்டேன். எனக்கு மௌனம். அவள் கையைத் தூக்கி, இதோ என்றாள். மறுபடி போட்டேன். அதே இடத்தில் கையைத் தூக்கினாள். அப்புறம் அவளே ஹெட்போனை வாங்கிக் கொண்டைக்கு மேல் மாட்டிக்கொண்டு கேட்டாள். கேட்டு முடிந்தும் கழற்றவில்லை. கண் நிறைந்துவிட்டது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

என்ன சொல்கிறான் என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றாள். கெஞ்சினேன். பத்து வருடம் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்தவள் அசைவாளா?

“அண்ணன் இத உங்க காதுலதான் சொல்லியிருக்காரு. நான் எடையில பூந்து சொன்னா நல்லாருக்காது. ரெண்டு வருஷமா காது டாக்டர்ட்ட போவோம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். பாடகர் குழு நல்லாத்தான் பாடுது. குக்கரும் நல்லாத்தான் இருக்கு. காலிங் பெல்லு பக்கத்து வூட்டு வரைக்கும் கேக்குது.”

நான் கோபமாக எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். மாடியில் ஒன்றும் வேலை இல்லை. தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தேன். நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

ஜூலை 15, திங்கள்

கடைசியில் காது டாக்டரிடம் போனோம். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். நான் கொஞ்சம் கள்ளத்தனம் செய்தேன். இந்நேரம் வந்திருக்கும் என்று ஒரு கணக்கில் அழுத்திக்கொண்டே இருந்தேன். பரிசோதித்த பெண் கதவைத் திறந்து, “சார், நான் இன்னும் சத்தமே வைக்கல” என்றாள். வெளியே அடைக்கலம் சிரிப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

சோதனை முடிந்ததும் என் காதுக்கு எது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஒரு படம் கொடுத்தாள். படத்தின் இடதுபக்கம் சமமாகப் போகிற கோடு, வலதுபக்கம் போகப் போகச் சறுக்குமரம் மாதிரி சர்ரென்று இறங்குகிறது. கனமான சத்தமெல்லாம் எனக்கு நன்றாகக் கேட்கிறதாம். மெல்லிய உச்ச சத்தம் போய்விட்டதாம். விசில், பறவை, கிசுகிசுப்பு, ‘ஸ்’ என்கிற எழுத்து. எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்டாள். பெட்டி ரிப்பேர் பிரிவு என்றதும், காதில் பஞ்சாவது வைத்திருந்தீர்களா என்றாள். பஞ்சு வைத்தால் மாலையில் பாட்டு கேட்கும்போது காது மந்தமாக இருக்கும் என்று நான் வைத்ததே இல்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து லிங்டோ போட்ட படத்தையும் என் காதின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உச்சி வெட்டுப்பட்டது எது என்று குழந்தைகூடச் சொல்லும். டேப் முழுசாகத்தான் இருக்கிறது. வெட்டி ஒட்டியவன் என்று பதினோரு பேர் முன்னால் நான் யாரைச் சொன்னேன்?

குழுவில் எழுதினேன்: “கோளாறு பதிவில் இல்லை, என் காதில். கமருதீன் கொடுத்தது ஒரிஜினலேதான். நான் அபாண்டம் பேசிவிட்டேன்.” எல்லோரும் நல்ல வார்த்தை சொன்னார்கள். படிக்க வேண்டியவன்தான் குழுவில் இல்லை. போனைக் கையில் எடுத்தேன். அவன் மெதுவாகப் பேசினால் எனக்குக் கேட்காது, நான் ஏதாவது மாற்றிச் சொல்லித் தொலைப்பேன் என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 24, புதன்

காதுக்குக் கருவி வந்துவிட்டது. காதுக்குப் பின்னால் நெல்மணி மாதிரி ஒன்று, இரண்டு பக்கமும். மாட்டியதும் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டுத் திடுக்கிட்டேன். ஆட்டோவில் வரும்போது அடைக்கலம் பையிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். பட்டாசுக் கட்டைப் பிரிப்பதுபோல் இருந்தது. “கத்தாதே” என்றேன். அவள் வாயே திறக்கவில்லையாம்.

பாட்டுக்கென்று தனியாக ஒரு செட்டிங் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் கை பரபரவென்று பென்டிரைவுக்குப் போனது. எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை அடைக்கலத்திடம் கொடுத்துவிட்டேன். அவன் என்ன சொல்லியிருந்தாலும், அவனிடம் மன்னிப்புக் கேட்காமல் அதைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. முன்னாலேயே கேட்டுவிட்டால், அது நன்றாக இருந்ததால்தான் மன்னிப்புக் கேட்க வந்தேன் என்று ஆகிவிடும்.

ஜூலை 25, வியாழன்

அணில் கத்துகிறது.

ஜூலை 28, ஞாயிறு

விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு, பாசஞ்சரில் நாகூர். இத்தனை வருடமும் அவன்தான் வந்தான், நான் போனது விரல்விட்டு எண்ணும் தடவை. தஞ்சாவூர் தாண்டியதும் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். திருவாரூரில் எல்லாம் மறந்துவிட்டது.

அவன் அக்கா கதவைத் திறந்தார். கமருதீன் ஊஞ்சலில் உட்கார்ந்து மிக்ஸியைப் பிரித்துப் போட்டு ரிப்பேர் செய்துகொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி திருகாணியைத் திருகினான். ஊஞ்சலில் அவன் பக்கத்தில் ஒரு பை இருந்தது. நான் கீழே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“கேட்டியா?” என்றான்.

“இல்ல. உன்னப் பாக்காம கேக்கக் கூடாதுன்னு பூட்டி வெச்சிருக்கேன். மன்னிச்சுக்கடா கமரு.”

ஸ்க்ரூடிரைவரைச் சுற்றிக்கொண்டே, தலையைத் தூக்காமல் பேசினான். என் காது போனது அவனுக்கு மூன்று வருடமாகத் தெரியுமாம். மார்க் போடுகிற தாளில் நான் சிம்பலைப் பற்றி எழுதுவதையே விட்டுவிட்டேனாம். முன்பெல்லாம் பக்கம் பக்கமாக அதைத்தான் எழுதுவேனாம். அதைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறான். எந்த டாக்டருக்கும் முன்னால்.

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை, தெரிந்தும் ஏன் கோபம் என்று கேட்டேன்.

“எப்புடிடா சொல்றது? உனக்கு இருக்குறதே அந்தப் பாட்டு ஒண்ணுதான். காது கேக்கலன்னு நீ சொல்லியிருந்தா நானே வந்து கையப் புடிச்சு டாக்டர்ட்ட கூட்டிப் போயிருப்பேன். நீ என்னை டேப்பை வெட்டுறவன்னுட்டியே. கேக்காதது உன் காது. நம்பாதது நீ.”

எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை. அக்கா தேநீரை வைத்துவிட்டுச் சத்தம் போடாமல் உள்ளே போனார். அந்தக் காலடியும் எனக்குக் கேட்டது.

அப்புறம் அவன் எழுந்து வந்து என் காதுக்குப் பின்னால் எட்டிப்பார்த்தான். கருவியைத் தொட்டுப் பார்த்தான். இரண்டடி தள்ளிப் போய், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு கிசுகிசுத்தான். ஐ.டி.ஐ.யில் எங்கள் ஃபோர்மேனுக்கு நாங்கள் வைத்திருந்த பட்டப்பெயர். அச்சில் ஏற்ற முடியாதது. நான் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னேன். உள்ளே அக்கா, “யா அல்லாஹ்” என்றார்.

கமருதீன் சிரித்துக்கொண்டே போய் ஊஞ்சலில் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்தான்.

ஆகஸ்ட் 3, சனி

ஸ்டேஷனுக்கு நானே போனேன், லேட்டாக. கமருதீன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பை.

இரண்டு நாற்காலி, அவன் வலது, நான் இடது. அடைக்கலம் சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். சாவியைக் கேட்டு வாங்கினேன். கருவியைப் பாட்டு செட்டிங்கில் வைத்தேன். போட்டேன்.

முதலில் வந்தது அந்த ‘ஸ்ஸ்’. டேப்பின் இரைச்சல். இதைப் போய் அழுக்கு என்று நீக்குகிறார்களே, ஒரு ஹால் நிறைய மனிதர்கள் மூச்சு விடுவதுபோல் இருந்தது. பிறகு சிம்பல். கம்பளி விலகிப் பளிச்சென்று விழுந்தது. பழைய காதில் கேட்ட மாதிரியே என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் தகரமாகத்தான் இருந்தது. பரவாயில்லை. ஹார்க்கரின் கிதார் வழக்கம்போல் மூஞ்சிக்கு நேராக. வலது காதுப்பக்கம் அந்த ஆள் கை தட்டுகிறான். ஒன்று, இரண்டு, மூன்று பாட்டு. கைதட்டல் எழுந்து மெல்ல அடங்கியது. கமருதீன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வலதுபக்கத்திலிருந்து, மிகப் பக்கத்தில், இருபத்து மூன்று வயதுக் குரல்:

“இன்னாசி… ரெண்டு டிக்கெட் எடுத்தேன்டா. ஒன்னு உனக்கு. உன் சீட்ல பைய வெச்சிருக்கேன், பைக்குள்ளதான் டேப்பு ஓடுது. எவனையும் உக்கார விடல. அடுத்தது டிம்பர் யார்டு. கேளு.”

நான் நிறுத்தவில்லை. பாட்டு ஓடும்போது பேசக் கூடாது என்பது சட்டம். டிம்பர் யார்டு பதினாறு நிமிடம். பதினாறு நிமிடமும் நான் அந்த ஹோட்டல் அரங்கத்தில் இருந்தேன். ஹார்க்கர் எனக்கு நேர் எதிரில் நின்று வாசித்தான். பாட்டுக்காரன் தள்ளி அந்தப் பக்கம் நின்றான், என் சீட்டிலிருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும். கை தட்டிக்கொண்டே இருந்தவன் யார் என்று இப்போது தெரிந்துவிட்டது. நாற்பது வருடமாக இந்தப் பதிவில் மைக் சரியில்லை என்று கேலி பேசியிருக்கிறேனே, கமரு, நீ எப்படிடா பொறுத்துக்கொண்டாய்?

முடிந்ததும் இதை ஏன் இவ்வளவு நாள் மறைத்தாய் என்று கேட்டேன்.

“ஊர்ல நின்னுட்டோமேன்னு நீ அப்பவே வருத்தத்துல இருந்தே. அதுல இதுவும் வேணாமேன்னு விட்டேன். அப்பறம் வயசாயிருச்சு, சொல்ல வெக்கமாப் போச்சு. ஒரிஜினல் கெடச்சதும் டேப்பே சொல்லட்டும்னு கொண்டாந்தேன். உன் காது இவ்வளவு தூரம் போயிருக்கும்னு நெனைக்கல.”

வாசற்படியில் அடைக்கலம் மூக்கை உறிஞ்சினாள். அதுவும் கேட்டது.

இன்று மார்க் போடவில்லை. கமருதீன் சாப்பிடக் கை கழுவப் போனபோது பதிவோடு வந்த சீட்டை எடுத்து, காலியாக இருந்த கடைசிக் கட்டத்தை நானே நிரப்பினேன்.

மைக் இருந்த இடம்: இன்னாசிமுத்துவின் சீட்.